டிரக்டரின் பின்னால் கேட்கும் சத்தம் எங்கிருந்து வருகிறது?

தோட்டத்தில் டிரக்டர் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவு வருவது கொழுந்து ஏற்றிப் போகும் ட்ரெய்லர்தான். ஆனால் இழுப்பது மட்டும் அதன் வேலை இல்லை. தண்ணீர் பவுசரின் பம்பைச் சுற்றுவது, மருந்தடிக்கும் மெசினை ஓட்டுவது, மாட்டுக்குப் புல் வெட்டும் மெசினைச் சுற்றுவது, கரன்ட் போன நேரத்தில் டைனமோவை ஓட்டுவது, இத்தனையும் டிரக்டரின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன இரும்புத் தண்டினால் நடக்கின்றன. ஒரு சாண் நீளம்கூட வராது. அதைத்தான் பி.டி.ஓ. என்று சொல்கிறோம். என்ஜினின் பலத்தைப் பின்னால் எடுத்துக் கொடுக்கும் தண்டு அது.

இந்தத் தண்டு ஓடும்போது வருகிற சத்தங்களைப் பற்றியதே இந்தப் பாடம். டிரைவர்மாருக்கும் கராஜ்காரர்களுக்கும் மட்டும் எழுதியது என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பவுசர் லயத்துக்கு வந்தால் குடத்தோடு முதலில் போய் நிற்பது வீட்டுப் பெண்கள். பின்னால் ஓடிப் போய்ப் பார்ப்பது பிள்ளைகள். "என்னமோ சத்தம் வருது, என்னான்னு பாரு தம்பி" என்று டிரைவர் சொன்னதும் குனிந்து பார்ப்பது உதவிக்குப் போகிற பையன். ஆகவே வீட்டில் எல்லோரும் வாசிக்கட்டும்.

முதலில் ஒரு கணக்கு

நம் தோட்டங்களில் ஓடும் நடுத்தர டிரக்டர்களில் பி.டி.ஓ. தண்டு 35 மில்லிமீட்டர் தடிப்பு, அதில் ஆறு பல் வெட்டியிருக்கும். அது நிமிடத்துக்கு 540 சுற்று ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. மீட்டரில் அந்த வேகத்துக்கு ஒரு குறி இருக்கும். முள் அந்தக் குறியில் நின்றால் பின்னால் 540. இருபத்தொரு பல் உள்ள தண்டு 1000 சுற்றுக்கானது. அது பெரிய வண்டிகளில் வருவது.

540 என்றால் ஒரு செக்கனுக்கு 9 சுற்று. தண்டோடு பூட்டும் ஜொயின்ட் சுமார் 10 சென்டிமீட்டர் குறுக்களவு என்று வைத்துக்கொண்டால், அதில் ஒரு துணி மாட்டினால் ஒரு செக்கனில் இரண்டே முக்கால் மீட்டர் துணியைச் சுற்றி இழுத்துவிடும். ஐந்தரை மீட்டர் சேலை இரண்டே செக்கனில் உள்ளே போய்விடும். ஆள் பயந்து கையை இழுக்கக் கால் செக்கன் ஆகும் என்றாலும், அதற்குள் முக்கால் மீட்டர் அளவு போயிருக்கும். சேலை முந்தானை, சாரம், இடுப்பில் கட்டும் படங்கு, தலையில் போடும் கம்பளி, அவிழ்ந்த தலைமயிர், மழைக்குப் போட்ட பொலித்தீன் உறை, எதுவாக இருந்தாலும் இதே கணக்குத்தான். தண்டுக்குப் பலம் குறைவென்று ஒருவரும் நினைக்க வேண்டாம். முழுப் பவுசர் பம்பைச் சுற்றும் தண்டு, மனிதனைச் சுற்றத் தயங்காது.

ஆகையால் சத்தம் தேடுவதற்கு ஒரே சட்டம் வைத்துக்கொள்வோம். ஓடும்போது காது மட்டும். அதுவும் பக்கவாட்டில், பெரிய டயருக்கு அப்பால், நாலைந்து எட்டுத் தள்ளி நின்று. கை வைப்பது எல்லாம் நின்ற பிறகு. ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை இரும்பில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது பழைய மெக்கானிக்மாரின் நல்ல பழக்கம்தான். முன்பக்கம் என்ஜினில் அதைச் செய்யலாம். பின்பக்கம் பி.டி.ஓ. சுற்றும்போது வேண்டவே வேண்டாம்.

நிறுத்துவது எப்படி என்பதிலும் ஒரு விசயம் இருக்கிறது. பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் சாவியைத் திருப்பினால் என்ஜின் நிற்காது; ஸ்டொப் கம்பியை இழுக்க வேண்டும். "சாவி என் கையில இருக்கே" என்று நம்பிப் பின்னால் போவது சரியில்லை. பி.டி.ஓ. லீவரை நியூட்ரலுக்கு எடுத்து, ஸ்டொப் கம்பியை இழுத்து, என்ஜின் நின்றதைக் காதால் கேட்டு, ஹேன்ட் பிரேக்கைப் போட்டு, நம் மலை ரோட்டில் டயருக்குக் கட்டையும் வைத்த பிறகுதான் இறங்கிப் போகலாம். புல் வெட்டும் மெசினில் பாரமான சக்கரம் இருப்பதால் என்ஜின் நின்ற பின்னும் அது கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அது நிற்கும் வரை பொறுங்கள்.

என்ன சத்தம் என்பதைவிட எப்போது சத்தம் என்பதே முக்கியம்

கராஜில் அடிக்கடி நடக்கும் பேச்சு இது.

"பாஸ், பின்னாடி சத்தம் வருது."

"எப்படிச் சத்தம் அண்ணே?"

"கட கடன்னு."

"லீவர் போடாமலே வருதா, போட்ட பொறகு வருதா? கிளச்ச மிதிச்சா நிக்கிதா? வேல செய்யும்போது கூடுதா, கொறையிதா?"

"அதக் கவனிக்கலியே பாஸ்."

கட கட என்ற சத்தம் ஐந்தாறு இடத்திலிருந்து வரலாம். ஒருவருக்குக் கட கட என்று கேட்பது இன்னொருவருக்கு லொட லொட என்று கேட்கும். அதனால் சத்தத்தின் பெயரை வைத்துக் கொண்டு நோயைக் கண்டுபிடிப்பது கஷ்டம். எதைச் செய்தால் சத்தம் வருகிறது, எதைச் செய்தால் நிற்கிறது என்பதை வைத்துத் தேடினால் அரைவாசி வேலை வண்டியைக் கழற்றாமலே முடிந்துவிடும். டிரைவர் ஆசனத்தில் உட்கார்ந்தபடியே இந்தச் சோதனைகளைச் செய்யலாம்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரையும் பி.டி.ஓ. லீவரையும் நியூட்ரலில் வைத்து, என்ஜினை மெதுவாக ஓட விடுங்கள். இப்போதே சத்தம் இருக்கிறதா? கிளச் மிதியை மெல்ல மெல்ல அழுத்துங்கள். அழுத்தும்போது "சொய்ங்" என்றோ கரகரவென்றோ ஒரு சத்தம் புதிதாகத் தொடங்கி, காலை எடுத்தவுடன் நின்றால், அது பெரும்பாலும் கிளச் தள்ளும் பெயாரிங். ஓட்டும்போது மிதியின் மேல் காலை வைத்துக்கொண்டே போகிற பழக்கம் இருந்தால் இந்தப் பெயாரிங் சீக்கிரம் போகும். மாறாக, இருந்த சத்தம் மிதியை அழுத்தியதும் நின்றால், கியர் பொக்ஸுக்குள் முதலில் சுற்றுகிற தண்டுப் பக்கம் சந்தேகம். இவை இரண்டுக்கும் பி.டி.ஓ.வுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் சத்தம் பின்னாலிருந்து வருவது போலக் கேட்டதால் பி.டி.ஓ.வைக் கழற்றியவர்கள் உண்டு. இரும்பு உடம்பு முழுக்கச் சத்தத்தைக் கடத்தும். காதுக்குத் திசை தப்பிப் போகும்.

அடுத்தது, லீவரைப் போடும்போது மட்டும் வரும் "கர்ர்ர்". இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1964 இல் வெளிவந்த மெசி பெர்குசன் 135 வண்டியையும், அதே வழியில் வந்த மற்ற வண்டிகளையும், சென்னையில் டஃபே கம்பனி மெசி பெர்குசன் முறையில் செய்த வண்டிகளையும் நம் பக்கத்து டிரைவர்மார் நன்றாக அறிவார்கள். இவற்றில் பலவற்றுக்கு இரட்டைக் கிளச். மிதியைப் பாதி அழுத்தினால் சக்கரத்துக்குப் போகும் பலம் மட்டும் நிற்கும். பின் தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். அடிவரை அழுத்தினால்தான் பின் தண்டும் நிற்கும். பாதி மிதித்துவிட்டு லீவரைப் போட்டால் சுற்றும் பல்லும் நிற்கும் பல்லும் முட்டிக் "கர்ர்ர்" என்று கத்தும். அடிவரை மிதித்து, மூன்று நாலு செக்கன் பொறுத்து, பிறகு போட்டால் சத்தமில்லாமல் விழ வேண்டும். அப்படிச் செய்தும் கத்தினால், அல்லது முழுக்க மிதித்தும் பின் தண்டு நிற்காமல் பலத்தோடு சுற்றினால், கிளச் அட்ஜஸ்ட் விலகியிருக்கிறது. அதை மெக்கானிக்தான் பார்க்க வேண்டும். குளிர் காலையில் தடித்த ஒயில் இழுப்பதால் நியூட்ரலிலும் தண்டு மெதுவாகச் சுற்றுவதுண்டு. அது நோய் இல்லை. அதைக் கையால் பிடித்து நிறுத்திப் பார்க்கிற விளையாட்டு மட்டும் கூடாது.

இந்த வண்டிகளில் இன்னொரு நிலையும் இருக்கிறது. லீவரை அந்தப் பக்கம் போட்டால் பின் தண்டு என்ஜினோடு சுற்றாமல் சக்கரத்தோடு சுற்றும். தவறிப்போய் அதில் விழுந்திருந்தால், வண்டி நின்றால் மெசினும் நிற்கும், ரிவர்ஸ் எடுத்தால் மெசின் எதிர்ப்பக்கம் சுற்றி விநோதமாகச் சத்தம் போடும். லீவரைச் சரியாகப் போட்டால் போதும்.

அரைவாசியாகப் பிரிக்கும் சோதனை

லீவர் போட்ட பிறகு, ஓடும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் கேள்வி ஒன்றே ஒன்று. சத்தம் டிரக்டரிலா, இணைக்கும் சாப்ட்டிலா, மெசினிலா? இதற்கு மிகச் சுலபமான வழி இருக்கிறது. என்ஜினை நிறுத்திவிட்டு, இணைக்கும் சாப்ட்டை டிரக்டரிலிருந்து முழுதாகக் கழற்றி ஒரு பக்கம் வையுங்கள். பின் தண்டுக்கு அதன் மூடியைப் போடுங்கள். இப்போது மறுபடி என்ஜினைப் போட்டு, லீவரைப் போட்டு, 540 குறி வரை ஏற்றிக் கேளுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் நோய் டிரக்டருக்குள்ளே. போய்விட்டால் சாப்ட்டிலோ மெசினிலோ.

ஒரு முனையை மட்டும் கழற்றி, மறுமுனை டிரக்டரிலேயே தொங்க லீவரைப் போடுவது ஆபத்திலும் ஆபத்து. அந்தச் சாப்ட் சாட்டை மாதிரி வீசும். நிற்கிறவர் காலை உடைக்கும்.

டிரக்டருக்குள்ளே என்று தெரிந்தவுடன் எல்லோரும் பின் தண்டின் பெயாரிங்கைத்தான் குற்றம் சொல்வார்கள். அங்கேதான் ஏமாறுவது. சில பழைய வண்டிகளில் ஹைட்ரோலிக் பம்ப் நடு உடம்புக்குள், ஒயிலுக்குள் மூழ்கி இருக்கிறது. அதைச் சுற்றுவதும் இந்தப் பி.டி.ஓ. வழியேதான். லீவர் நியூட்ரலில் இருந்தால் கைகள் தூக்காது, டிப்பர் ட்ரெய்லரும் எழும்பாது. உங்கள் வண்டி அந்த வகையா என்று பார்க்க இதுவே சோதனை. லீவரைப் போட்டவுடன் கேட்கும் சத்தம் தண்டின் சத்தமாகவும் இருக்கலாம், பம்பின் சத்தமாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்குவதால் பழியைத் தண்டு சுமக்கிறது.

பிரித்தறிய, ஹைட்ரோலிக் லீவரை மெல்ல மேலே எடுங்கள். தூக்கும்போது சத்தம் கூடி, தூக்கி முடிந்ததும் குறைந்தால் பம்பைப் பாருங்கள். பாரம் முழுதாக மேலே போய் முட்டிய பின்னும் லீவரைப் பிடித்துக்கொண்டிருந்தால் பிரஷர் வால்வு திறந்து அலறும். அது நோயல்ல, லீவரை விடு என்ற எச்சரிக்கை. தூக்கும் வேலையே இல்லாத நேரத்திலும் சீரான உறுமல் இருந்து, வேகம் ஏற ஏற அதுவும் ஏறினால் பின் தண்டின் பெயாரிங்கைச் சந்தேகிக்கலாம். அப்போது நின்ற வண்டியில் தண்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். சுற்றும் திசையில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது சகஜம். பல் இடைவெளி அது. மேலும் கீழும் கடகடவென்று ஆடினால் பெயாரிங் தேய்ந்துவிட்டது. தண்டைச் சுற்றி ஒயில் கசிந்திருந்தால் சீலும் சேர்ந்து போயிருக்கும்.

பம்ப் கத்துவதற்கு அடிக்கடி காரணம் பம்பே அல்ல, ஒயில். இந்த வண்டிகளில் கியர் பொக்ஸ், ஹைட்ரோலிக், பின் அச்சு எல்லாவற்றுக்கும் ஒரே ஒயில். குறைந்தால் பம்ப் காற்றைச் சேர்த்து உறிஞ்சும். சமதரையில் அமைதியாக ஓடும் வண்டி, சரிவில் நிற்கும்போது மட்டும் கத்துகிறது என்றால் முதலில் ஒயில் அளவைப் பாருங்கள். இருக்கிற கொஞ்ச ஒயிலும் தாழ்ந்த பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும். அளவு பார்ப்பது எப்போதும் சமதரையில்தான். நம் ஊரில் சமதரை எங்கே என்று கேட்பீர்கள். பெக்டரி முன்னால் ஒரு வண்டி நிற்கும் அளவுக்காவது இருக்கும்.

ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கியர் கம்பைச் சுற்றியுள்ள றப்பர் உறை வெடித்திருந்தால் மழைத் தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். ஆனி, ஆடி மழையில் மூடாமல் நிறுத்திய வண்டிக்கு இது சொல்லிவைத்தாற்போல வரும். றப்பர் உறை ஒரு சின்னச் சாமான். அதை மாற்றாமல் விட்டால் தண்ணீர் பெயாரிங், பம்ப், கியர் என்று ஒவ்வொன்றாகத் தின்னும். ஒயிலை வடிக்கும்போது ஒரு வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஊற்றித் தேய்த்துப் பாருங்கள். மினுமினுப்பான நுண்தூள் கொஞ்சம் இருப்பது பழைய வண்டிக்கு இயல்பு. விரலில் தட்டுப்படும் இரும்புச் சிராய் இருந்தால் வண்டியை நிறுத்திவிட்டுச் சொல்லியனுப்புங்கள்.

சாப்ட் சொல்லும் கதை

டிரக்டர் தனியே அமைதியாக ஓடுகிறது, சாப்ட்டைப் பூட்டினால் சத்தம் என்றால், நாம் பார்த்தவரை பத்தில் பெரும்பங்கு யூனிவர்சல் ஜொயின்ட்டில்தான் போய் முடியும். இரண்டு கவைகளுக்கு நடுவில் சிலுவை மாதிரி இருக்கும் துண்டைக் குரொஸ் என்கிறோம். அதன் நாலு முனையிலும் ஊசி போன்ற உருளைகள் உள்ள கிண்ணங்கள். கிரீஸ் காய்ந்தால் அந்த ஊசிகள் துருப்பிடித்துத் தூளாகும். கிண்ணத்தைச் சுற்றிச் செங்கல் தூள் மாதிரி சிவந்த தூள் ஒட்டியிருந்தால் ஜொயின்ட் உள்ளே காய்ந்துவிட்டது என்று அர்த்தம். சத்தம் வருமுன்னே இந்தத் தூள் வரும்.

என்ஜினை நிறுத்தி, சாப்ட்டின் ஒரு பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை முன்னும் பின்னும் திருகிப் பாருங்கள். குரொஸில் "டக், டக்" என்று ஆட்டம் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். இன்னொரு வழி, பத்து நிமிடம் வேலை செய்த பின் நிறுத்தி, இரண்டு ஜொயின்ட்டுக்கும் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுவது. ஒன்றில் சும்மா வழிந்து, மற்றதில் "சுர்" என்று ஆவியானால் எது காய்ந்தது என்று கேட்கத் தேவையில்லை. கிரீஸ் 8 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை. நாள் முழுக்கத் தண்ணீர் இறைத்தால் தினமும் ஒருமுறை என்றே வைத்துக்கொள்ளலாம்.

புதுக் குரொஸ் போட்டும் உறுமல் போகவில்லை என்று சில நேரம் சொல்வார்கள். அப்போது சாப்ட்டின் நடுவைப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு துண்டுகள் இருக்கும். கழற்றிப் பூட்டும்போது இவற்றைத் திருப்பிப் போட்டுவிடுவது நடக்கும். சதுரக் கம்பியும் சதுரக் குழாயும் என்றால் கால் சுற்றுத் தப்பினாலும் நுழைந்துவிடும். நடுச் சாப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில், ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் புதுசாக இருந்தாலும் சாப்ட் உதறும்.

ஏன் உதறுகிறது? வளைந்து நிற்கும் யூனிவர்சல் ஜொயின்ட் பலத்தைச் சீராகக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். 15 பாகை வளைவில் 540 என்பது சுமார் 520க்கும் 560க்கும் நடுவே ஆடும். 30 பாகை வளைந்தால் சுமார் 470க்கும் 620க்கும் நடுவே ஆடும். முன் ஜொயின்ட் செய்யும் ஆட்டத்தைப் பின் ஜொயின்ட் எதிர்ப்பக்கம் ஆடிச் சரிக்கட்ட வேண்டும். கவைகள் சரியாக நின்று, இரு பக்க வளைவும் ஒத்திருந்தால்தான் அந்தச் சரிக்கட்டல் நடக்கும். நேரே நிற்கும்போது சத்தமில்லை, கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது மட்டும் "தட தட" என்றால் காரணம் இதுதான். அது வண்டியின் குற்றமல்ல. கடும் வளைவில் பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டும்.

சாப்ட்டின் நீளத்தையும் பாருங்கள். நீளம் கூடினால், மேடு பள்ளத்தில் இரு துண்டும் முழுக்க மூடி இடித்து, டிரக்டரின் பின் பெயாரிங்கை உள்ளே குத்தும். பள்ளத்தில் இறங்கும்போது ஒரு தரம் "டொங்" என்று கேட்டால் இதை நினையுங்கள். நீளம் குறைந்தால் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கொஞ்சமாகவே நிற்கும். மூன்றில் ஒரு பங்காவது உள்ளே இருக்க வேண்டும். வேறு மெசினின் சாப்ட்டைக் கடன் வாங்கிப் பூட்டும்போது இது அடிக்கடி தப்புகிறது. பூட்டும் பின் தன் குழியில் "கிளிக்" என்று விழுந்ததா என்றும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

சாப்ட்டுக்கு மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை "கீச் கீச்" என்று கத்துவதும் உண்டு. உறை சுற்றக் கூடாது, உள்ளே சாப்ட் மட்டும் சுற்ற வேண்டும். அதற்காகத்தான் உறைக்கு ஒரு சின்னச் சங்கிலி. உறையைத் தாங்கும் வளையம் காய்ந்தாலும், சங்கிலி அறுந்தாலும் கத்தும். "இந்தச் சனியனாலதான் சத்தம்" என்று உறையைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள். சத்தம் நின்றுவிடும், உண்மைதான். மேலே சொன்ன இரண்டே முக்கால் மீட்டர் கணக்கு அந்த நிமிடத்திலிருந்து எல்லோருக்கும் பொருந்தத் தொடங்கும். வளையத்துக்குக் கொஞ்சம் கிரீஸும் ஒரு துண்டுச் சங்கிலியும் போதும். உறை இல்லாத சாப்ட்டை ஓட்டச் சொன்னால், உறை கேட்கிற உரிமை டிரைவருக்கு இருக்கிறது என்பதே எங்கள் எண்ணம்.

மெசினின் சத்தம்

பவுசர் பம்பிலிருந்து சரளைக் கல் உருளுகிற மாதிரி சத்தம் வந்தால் உள்ளே கல் போய்விட்டது என்று பம்பைக் கழற்றாதீர்கள். பெரும்பாலும் உறிஞ்சும் குழாயில் தண்ணீர் போதாமல் பம்ப் தவிப்பதுதான். ஓடையில் போட்ட வடி இலையால் அடைத்திருக்கும், அல்லது குழாய் இணைப்பில் காற்று இழுக்கும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே பம்பை வெகு உயரத்தில் வைத்தாலும் வரும். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் தண்ணீரைச் சுமார் 10 மீட்டர் உயர்த்தும். 1868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது சுமார் 8 மீட்டர்தான். இது கணக்கில் வரும் உச்சம். வேலையில் கிடைப்பது அதைவிட வெகு குறைவு. கீழ்நாட்டில் நன்றாக இறைத்த பம்ப் மேலே வந்து கத்துவதில் அதிசயமில்லை. பம்பை ஓடைக்குக் கிட்டக் கொண்டு போங்கள்.

புல் வெட்டும் மெசினில் "டக டக டக டக" என்று வேகமாகத் தட்டினால், சில சாப்ட்டுகளில் உள்ள பாதுகாப்புக் கிளச் வேலை செய்கிறது. உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது. நிறுத்தி எடுக்க வேண்டும். அந்தக் கிளச்சுக்குப் பதிலாக உடையும் போல்ட் உள்ள மெசின்களில், அது உடைந்தால் அதே வகை போல்ட்டைத்தான் போட வேண்டும். "இது அடிக்கடி ஒடையிது, நல்ல போல்ட் ஒன்னு போடுவோம்" என்று கெட்டியான போல்ட்டைப் போட்டால் அடுத்த முறை உடைவது கியர் பொக்ஸ்.

ஒரு சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். என்ஜின் மெதுவாக ஓடும்போது, மெசினில் பாரம் இல்லாதபோது, பின்னால் லேசாகக் "கல கல" என்று கேட்டு, வேகம் ஏற்றி வேலை தொடங்கியதும் மறைந்தால், அது பல் இடைவெளியில் ஏற்படும் தட்டல். மூன்று சிலிண்டர் என்ஜின் மெதுவாக ஓடும்போது விட்டு விட்டுத் தள்ளுவதால் வருவது. பாரம் ஏறும்போது கூடுகிற சத்தம்தான் நம் வேலை.

ரன்னிங் சார்ட்டில் எழுதுங்கள்

வண்டி நடுவழியில் நின்றால் முதலில் கேள்வி கேட்கப்படுவது டிரைவர்தான். "ஏன் முன்னமே சொல்லவில்லை?" என்பார்கள். சொல்லியிருப்பார், வாயால் சொன்னது யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆகவே சத்தம் கேட்ட அன்றே ரன்னிங் சார்ட்டில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எழுதத் தயக்கமாக இருந்தால் வீட்டில் படிக்கிற பிள்ளை எழுதித் தரட்டும். "பி.டி.ஓ. சத்தம்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. இப்படி எழுதலாம்:

"பவுசர் பம்ப் ஓடும்போது பின்னால் தட தட சத்தம். லீவர் நியூட்ரலில் இல்லை. சாப்ட் கழற்றினால் இல்லை. பாரம் ஏறினால் கூடுகிறது. டிரக்டர் பக்க ஜொயின்ட்டில் சிவப்புத் தூள், ஆட்டம் உண்டு. உறைச் சங்கிலி அறுந்திருக்கிறது."

இதை வாசிக்கும் மெக்கானிக் கராஜிலிருந்து புறப்படும்போதே ஒரு குரொஸையும், கிரீஸ் கன்னையும், ஒரு முழம் சங்கிலியையும் எடுத்துக்கொண்டு வருவார்.